பேட்டரி மேல் போட்ட பழி

ஆங்கிள் கிரைண்டரின் சுவிட்சைத் தள்ளினால் சக்கரம் ஒரு நொடி முனகிவிட்டு நின்றுவிடும், கூடவே இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்தத் தொடங்கும். என் பட்டறைக் கொட்டகைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கிடையாது. கூரையில் சோலார் பேனல், மேசைக்கு அடியில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, சுவரில் 1500 வாட் இன்வெர்ட்டர், அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். விளக்கு எரியும், விசிறி சுற்றும், டிரில்லின் சார்ஜர் எந்தத் தொல்லையும் கொடுக்காமல் ஓடும். 850 வாட் கிரைண்டரைப் போட்டால் மட்டும் இந்தச் சத்தம்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். பழைய லெட் ஆசிட் பேட்டரி, பாதிக்குக் கீழே இறக்கி இறக்கி ஓட்டியதில் உள்ளே சல்ஃபேட் படிந்திருக்கும், பாரம் தாங்கவில்லை என்று நானே எனக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். சரி, மாற்றிவிடலாம் என்று நாலு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வாங்கினேன். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், நாலைத் தொடராக இணைத்தால் 12.8. ஒரு பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) போட்டு, செல்களை இறுக்கிப் பிடிக்க மரப்பெட்டி செய்து, இரண்டு வார விடுமுறை முழுக்க அதிலேயே கழிந்தது. பழைய கேபிள்களை அப்படியே புதுப் பேட்டரியில் முடுக்கிவிட்டு கிரைண்டரைப் போட்டேன். அதே 'கீ'.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்திருந்தது. இந்த இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் நான் இத்தனை வருடத்தில் செய்த உருப்படியான வேலை என்று தோன்றுகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

850 வாட் என்பது 230 வோல்டில் 4 ஆம்பியருக்கும் குறைவு. சாதாரண ஒயர், சாதாரண பிளக், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதே 850 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 80 ஆம்பியர். மின்னோட்டம் 20 மடங்கு. ஓர் இணைப்பில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே அளவு மோசமான ஒரு இணைப்பு அங்கே தருவதைவிட இங்கே 400 மடங்கு சூட்டைத் தரும். வீட்டு ஒயரிங்கில் கண்ணுக்கே தெரியாத ஒரு லூஸ் கான்டாக்ட் 12 வோல்டில் மொத்த அமைப்பையும் படுக்க வைத்துவிடும். (புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்டால் 24 வோல்டில் போங்கள் என்றுதான் சொல்வேன். மின்னோட்டம் பாதி, கம்பியில் இழப்பு கால் பங்கு.)

அப்படியானால் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். நான் அதுவரை செய்துகொண்டிருந்த சோதனை என்னவென்றால், மல்டிமீட்டரைப் பீப் சத்தம் போடும் நிலையில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டுப் பார்ப்பது. பீப் என்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது. இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரும்பாலான மீட்டர்கள் சில பத்து ஓம் வரை இருந்தாலே பீப் அடித்துவிடும். கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு அது போதும். 80 ஆம்பியர் போகிற இடத்தில் 0.01 ஓம் இருந்தாலே 0.8 வோல்ட் காணாமல் போய்விடும், அந்த 0.01 ஓமை மீட்டரின் ஓம் நிலையில் அளக்கவும் முடியாது, மீட்டரின் சொந்தக் கம்பிக்கே அதைவிட அதிக எதிர்ப்பு உண்டு.

செய்ய வேண்டியது வேறு. பாரத்தைப் போட்டுவிட்டு, மீட்டரை டிசி மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முனைகளை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறத்தாழ ஒன்றுமே காட்டாது. கெட்ட இணைப்பு தானாகவே எண்ணைச் சொல்லிவிடும். கிரைண்டர் இதற்குச் சரிப்படாது, ஓடினால்தானே அளப்பது. அதனால் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) எடுத்துக்கொண்டேன், அது ஒரே சீராக இழுக்கும். டிசி அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டினால் 80 ஆம்பியர் காட்டியது. கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள், மலிவாகக் கிடைப்பதில் பல ஏசியை மட்டும்தான் அளக்கும், டிசி அளக்க ஹால் சென்சார் உள்ளதுதான் வேண்டும்.

பேட்டரியின் இரண்டு முனையில் 12.8 வோல்ட். இன்வெர்ட்டரின் முனையில் 11.3. நடுவில் ஒன்றரை வோல்ட் எங்கேயோ போகிறது. கேபிள் 16 சதுர மி.மீ. செம்பு, போக வர மொத்தம் 3 மீட்டர், அதற்கு மீட்டருக்கு 1.15 மில்லிஓம் என்று போட்டால் 0.28 வோல்ட் வருகிறது, அளந்தாலும் அதேதான். ஃபியூஸ் ஹோல்டரில் 0.2. இன்வெர்ட்டர் பக்கத்து லக் (கேபிள் முனையில் பொருத்தி, திருகில் மாட்டும் ஓட்டையுள்ள செம்புத் துண்டு) இரண்டும் சேர்ந்து 0.12. பேட்டரியின் நெகட்டிவ் லக்கில் 0.1. மீதி 0.8 வோல்ட் முழுக்க ஒரே இடத்தில், பேட்டரியின் பாசிட்டிவ் லக்கில்! 0.8 வோல்டை 80 ஆம்பியரால் பெருக்கினால் 64 வாட். சால்டரிங் அயர்ன் 60 வாட்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டேன், லக்கின் மேல் போட்ட ஹீட் ஷ்ரிங்க் உறை கருகுகிற வாசனை வந்தது, அணைத்துவிட்டேன்.

விளக்கும் விசிறியும் ஏன் ஒழுங்காக ஓடின என்பதும் இப்போது புரிகிறது. 5 ஆம்பியரில் அந்த லக்கில் போவது 0.05 வோல்ட், கால் வாட் சூடு, யாருக்கும் தெரியாது. கிரைண்டரோ கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். 240 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் வழியிலேயே 4.5 வோல்ட் போய், இன்வெர்ட்டருக்குக் கிடைப்பது 8 சொச்சம். பொதுவாக 10.5 வோல்டுக்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும். அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது.

அந்த லக்கைக் கழற்றி ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். முன்பு நான் கொறடாவால் நசுக்கிவிட்டு, பலமாக இருக்கட்டும் என்று மேலே ஈயத்தை ஊற்றி வைத்தது அது. ஈயம் வாயில் ஒரு மூடி மாதிரி மட்டும் உட்கார்ந்திருந்தது, உள்ளே இறங்கவே இல்லை. அவ்வளவு பெரிய செம்பைச் சூடாக்க என் சால்டரிங் அயர்னால் முடிந்திருக்கவில்லை. அடியில் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) பழுப்பாக உறைந்து கிடந்தது, இழைகள் கறுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டாமல், விரலால் இழுத்தால் பாதி இழைகள் தனியே வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று அழகான லக். ஈயம் நன்றாக இறங்கியிருந்தாலும் அந்த முறை எனக்கு இப்போது பிடிக்காது, ஏனென்றால் ஈயம் கேபிளுக்குள் ஏறி நிற்கிற இடத்தில் கம்பி விறைத்துவிடும், அசைவு இருக்கும் இடத்தில் சரியாக அந்த விளிம்பில்தான் அறும். ஈயம் பூசிய கம்பியைத் திருகு டெர்மினலில் வைத்து முறுக்குவதும் அப்படித்தான், அழுத்தத்தில் ஈயம் மெதுவாக நசுங்கி விலகிக்கொண்டே போய் சில மாதத்தில் திருகு லூஸாகிவிடும்.

இரவல் வாங்கிய ஹைட்ராலிக் கிரிம்பரில் (லக்கைக் கேபிளோடு சேர்த்து நசுக்கும் கருவி) 16 சதுர மி.மீ. கேபிளுக்கு உரிய அறுகோண அச்சைப் போட்டு, புதுக் கேபிள் முனையைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி, ஒரே அழுத்தாக அழுத்தினேன். முதல் லக்கைச் சோதனைக்காகவே பலிகொடுத்தேன். குறுக்கே அறுத்து, வெட்டிய முகத்தை 400 எண் உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தால் இழை எது லக் எது என்றே தெரியவில்லை, ஒரே செம்புக் கட்டி மாதிரி இருந்தது. இழைகள் தேன்கூட்டு அறை மாதிரி ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் காற்று புக இடமில்லாமல். காற்று புகாத இடத்தில் செம்பு கறுப்பதும் இல்லை. அந்த வெட்டுத் துண்டை இன்னும் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

நெகட்டிவ் பக்கத்து 0.1 வோல்டுக்குக் காரணம் ஒரு வாஷர். பேட்டரி முனைக்கும் லக்குக்கும் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரைச் சொருகியிருந்தேன், இடைவெளி சரியாக வரட்டும் என்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிட ஏறத்தாழ 40 மடங்கு மோசமான கடத்தி. வாஷர் எப்போதும் லக்குக்கு மேலே, நட்டுக்கு அடியில்தான் வர வேண்டும், லக்கின் தட்டையான முகம் முனையை நேரடியாகத் தொட வேண்டும். இன்னொன்று, இந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களின் முனைகள் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைச் சுரண்டினால் கண் மூடித் திறப்பதற்குள் மேலே ஆக்ஸைடு படலம் வந்துவிடும், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. சுரண்டிய கையோடு ஆக்ஸைடு தடுக்கும் பசையை மெலிதாகத் தடவி, உடனே பஸ்பாரை (செல்லையும் செல்லையும் இணைக்கும் உலோகப் பட்டை) வைத்து, செல் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். கை பலத்துக்கு முடுக்கினால் அந்த மென்மையான மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

எச்சரிக்கையாக ஒன்று. இந்த வேலையெல்லாம் செய்யும்போது மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. ஸ்பானரின் கைப்பிடியை முழுக்க இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை, ஆனால் இந்த செல்களைக் குறுக்கே இணைத்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பானர் அங்கேயே வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் கேபிளில் எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

லக்கை மாற்றியதும் கிரைண்டர் கிளம்பிவிட்டது. ஆனால் இரும்பில் வைத்து அழுத்தினால் தளர்ந்தது, பின்பக்கக் காற்றுத் துளைகளில் நீலமும் மஞ்சளுமாகத் தீப்பொறி வட்டமாகச் சுற்றியது. இதுவும் இணைப்புப் பிரச்சினைதான், அசையும் இணைப்பு. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கு மின்சாரம் போவது, அதன் முனையில் உள்ள கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தின் மேல் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ் வழியாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் ஒரு கார்பன் நன்றாகத் தேய்ந்து 5 மி.மீ. மட்டும் மிச்சம், இன்னொன்று நீளமாக இருந்தும் இரும்புத் தூள் அடைத்து ஹோல்டருக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் தள்ளினாலும் நகரவில்லை. ஹோல்டரைச் சுத்தம் செய்து, ஜோடியாக இரண்டையும் மாற்றி, பாரமில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டேன், புதுக் கார்பனின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிந்ததும் தீப்பொறி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது.

அப்புறம் டிரில்லின் பேட்டரி ஞாபகத்துக்கு வந்தது. 18 வோல்ட் பேட்டரி, உள்ளே 18650 செல் ஐந்து தொடராக. (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதுதான் அந்தப் பெயர். 20 வோல்ட் என்று விற்பதும் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான், முழு சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட் என்று கணக்குப் பண்ணிச் சொல்கிறார்கள்.) ஒரு வருடத்துக்கு முன்பு நானே செல்களை மாற்றிக் கட்டினேன். சின்னத் திருகுகளை அழகாக ஏற்றும், கனமான மரத்தில் பெரிய ஓட்டை போட்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். செல்களில் ஏமாந்துவிட்டேன் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதே மில்லிவோல்ட் சோதனையை இதிலும் செய்தேன். பாரத்தில் செல்கள் ஒவ்வொன்றும் நன்றாகத் தாங்கின. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருந்த பட்டைகளில்தான் ஒவ்வொன்றிலும் 150 மில்லிவோல்ட் போனது.

நிக்கல் பட்டை என்று சொல்லி எனக்கு வந்தது நிக்கல் முலாம் பூசிய எஃகு. இரண்டையும் பார்வையால் பிரிக்க முடியாது. மிச்சம் இருந்த ஒரு துண்டைக் கத்தியால் கீறி, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டு வைத்தேன், காலையில் கீறல் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு. சுத்தமான நிக்கல் துருப்பிடிக்காது. அவசரம் என்றால் கிரைண்டர் சக்கரத்தில் லேசாகக் காட்டினால் போதும், எஃகு பொறி பறக்கவிடும், நிக்கலில் அந்த மாதிரிப் பொறி வராது.

பட்டையைப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மூக்குக் கொறடாவால் உரித்தேன், சில இடங்களில் பட்டை காகிதம் மாதிரி சுத்தமாகக் கழன்று வந்தது. நல்ல ஸ்பாட் வெல்ட் (மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுவது) அப்படி வராது. உரிக்கும்போது பட்டை கிழிந்து, வெல்ட் இருந்த புள்ளி செல்லிலேயே தங்கி, பட்டையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழ வேண்டும். அதனால் இந்தத் தடவை செல்லைத் தொடுவதற்கு முன்பே கெட்டுப்போன பழைய செல் ஒன்றில் வெல்டரின் அளவைக் கூட்டிக் கூட்டி, உரித்து உரித்துப் பார்த்து, ஓட்டை விழுகிற அளவைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் உண்மையான வேலையில் இறங்கினேன். 0.15 மி.மீ. தடிமன், 8 மி.மீ. அகலம், சுத்தமான நிக்கல். இப்போது பட்டைக்கு 40 மில்லிவோல்டுக்குள் நிற்கிறது. ஸ்பாட் வெல்டர் இல்லை, ஈயம் வைத்துவிடலாமா என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். ஈயம் உருகவே 183 டிகிரிக்கு மேல் வேண்டும், செல்லுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் தடுப்புத் தாள் 130 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். வெல்ட் சில மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது, சூடு உள்ளே இறங்க நேரமே இல்லை.

பழைய லேப்டாப் செல்களை எடுத்து டிரில்லில் போடுவதும் வேண்டாம், அவை சில ஆம்பியர்களுக்காகச் செய்யப்பட்டவை, டிரில் 30 ஆம்பியர் கேட்கும். நீண்ட நாள் 2 வோல்டுக்குக் கீழே கிடந்த செல்லை மெதுவாகச் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த நிலையில் உள்ளே செம்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏற்றும்போது வேறெங்கோ படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. அது ஆறு மாதம் கழித்து நள்ளிரவிலும் நடக்கலாம்.

பேனல் பக்கத்தில் அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. எம்.சி.4 கனெக்டர்களில் (பேனல் ஒயர்களை ஒன்றோடொன்று மாட்டும் இணைப்பு) ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிடக் கைக்குச் சூடாக இருந்தது, பார்த்தால் ஆணும் பெண்ணும் வேறு வேறு தயாரிப்பு, மாட்டும்போது கிளிக் என்று சரியாகத்தான் உட்கார்ந்தது, உள்ளே தொடும் பரப்பு குறைவு. ஒரே தயாரிப்பு ஜோடியாக மாற்றிவிட்டேன். வெயிலில் பாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் அதில் கிளம்பும் பொறி தானே அணைந்துவிடும், டிசிக்கு அந்த வசதி கிடையாது, கிளம்பிய ஆர்க் இடைவெளியிலும் எரிந்துகொண்டே நிற்கும். முதலில் டிசிக்கு என்று செய்த பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து, முகங்களைத் தேய்த்து, மறுபடி முடுக்கியதும் எல்லா இணைப்பையும் 80 ஆம்பியரில் வரிசையாக அளந்து, பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் தேதியோடு பென்சிலால் எழுதி வைத்தேன். அந்தப் பாசிட்டிவ் லக் 9 மில்லிவோல்ட். மூன்று மாதம் கழித்து மறுபடி ஹீட் கன்னைப் போட்டு அளந்ததில் எல்லாம் பழைய எண்ணிலேயே நின்றன, இரண்டாவது மூன்றாவது செல்லுக்கு நடுவில் உள்ள பஸ்பார் மட்டும் 8-லிருந்து 31-க்கு ஏறியிருந்தது. கழற்றி, சுரண்டி, பசை தடவி, டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். 8. அதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டு மூடியைச் சாத்தினேன்.